அட்மின் சீட்டில் இருப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஏசி ஓடவில்லையா, அட்மினைக் கூப்பிடு. தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டதா, அட்மின். ஜி.எம். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறதா, அதற்கும் அட்மின். நாள் முழுக்க நடந்து, பேசி, கையெழுத்து வாங்கி, சாயங்காலம் பையை எடுக்கும்போது "இன்னைக்கு என்ன வேலை முடிஞ்சது?" என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்ல எதுவும் வராது. ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாத, ஒன்று பிசகினால் எல்லோர் கண்ணிலும் படுகிற வேலை இது. இந்த சீட்டில் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, வாயால் சொல்லிக் காதால் கேட்டுத் தாளில் ஏறாமலே போன விஷயங்களால் வருவது. அதனால் கீழே உள்ள குறிப்புகளில் பாதி, எழுதிவைப்பதைப் பற்றியவை. மீதி, தினமும் உயிரை வாங்கும் மெஷின்களையும் தாள்களையும் பற்றியவை.

1. லிஃப்ட் வாசலில், காரில் ஏறும்போது, போனைக் காதில் வைத்தபடியே மேனேஜர் சொல்லும் வேலைகள்தான் பின்னால் தகராறாகும். சீட்டுக்குத் திரும்பியதும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு வரி போட்டுவிடுங்கள்: "சார், நீங்க சொன்னபடி வியாழக்கிழமை மீட்டிங்கை மதியம் 3 மணிக்கு மாத்திடறேன். கோவை பிராஞ்சுக்கும் சொல்லிடறேன்." கேள்வியாகக் கேட்காதீர்கள், கேள்விக்குப் பதில் வராது. செய்யப்போவதைச் சொல்லிவிட்டால், தப்பாக இருக்கும்பட்சத்தில் அவரே உடனே திருத்துவார். அடுத்த வாரம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்று வந்தால் வாக்குவாதமே தேவையில்லை. அந்த வரி போனில் இருக்கிறது.

2. "அவசரமா சார்?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எத்தனை மணிக்குக் கையில வேணும் சார்?" என்று கேளுங்கள். பாதி அவசரம் அங்கேயே நாளைக் காலைக்குத் தள்ளிப் போய்விடும். இரண்டு மேலதிகாரிகளின் வேலை ஒரே நேரத்தில் மோதினால் எது முதலில் என்று நீங்களாக முடிவெடுத்து, இருவரில் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். "அக்கவுன்ட்ஸ் சார் 12 மணிக்கு ஒண்ணு கேட்டிருக்கார், உங்களோடது 12.30 ஆகும், பரவாயில்லையா மேடம்?" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், முடியாதென்றால் அவர்களே ஒருவரோடு ஒருவர் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

3. போனில் வரும் தகவலைத் துண்டுச் சீட்டில் எழுதாதீர்கள். ஒரு நீள நோட்டில் நேரம், பெயர், ஊர் அல்லது கம்பெனி, நம்பர், விஷயம் என்று கோடு போட்டு வையுங்கள். நம்பரை எழுதிய பிறகு இரண்டிரண்டு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

4. பிரின்ட்டரில் தாள் சிக்குவதற்கு மெஷினைவிடத் தாள்தான் பெரும்பாலும் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைத் தாள் குடித்து ஓரம் சுருண்டுகொள்ளும். 500 தாள் ரீமைப் பிரித்து அப்படியே திறந்து வைக்காமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் ட்ரேயில் போட்டு, மீதியை அதன் உறையிலேயே மடித்து மூடி அலமாரியில் வையுங்கள். தரையில் வைத்த ரீம் கட்டாயம் ஈரம் இழுக்கும். போடுவதற்கு முன் தாள்களை ஓரத்தில் பிடித்து விசிறிவிட்டு, மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். சுருண்ட தாளென்றால் கட்டை அப்படியே கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். பல ரீம்களின் உறையில் எந்தப் பக்கம் முதலில் அச்சாக வேண்டும் என்று ஒரு அம்புக்குறி இருக்கும், அதையும் பாருங்கள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து டிஎன்பிஎல் தயாரிக்கிற தாளானாலும் சரி, வேறெந்தத் தாளானாலும் சரி, இந்தப் பக்குவம் ஒன்றுதான்.

சிக்கிய தாளை எடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஸ்விட்சை அணையுங்கள். லேசர் பிரின்ட்டரானால் முதலில் டோனர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, வெளிச்சம் படாமல் ஒரு தாளால் மூடி வையுங்கள். அதிலுள்ள டிரம்முக்கு வெளிச்சம் ஆகாது. பிறகு தாளை இரண்டு கையாலும் இரு ஓரங்களையும் பிடித்து, அது போகிற திசையிலேயே மெதுவாக இழுங்கள். ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கிழியும். விரல் நகம் அளவுத் துண்டு உள்ளே நின்றால் போதும், அதற்கப்புறம் போடுகிற ஒவ்வொரு தாளும் அதே இடத்தில் சிக்கும். வெளியே வந்த தாளை மேசையில் விரித்து நான்கு மூலையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது. பின்பக்க மூடிக்குள் இருக்கும் பகுதி கொதிக்கும், கை வைக்காதீர்கள்.

5. லேசர் பிரின்ட்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். தாளைச் சூடாக்கும்போது அது திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து அணைந்துபோவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். யுபிஎஸ் ஓடும் நேரத்தில் பிரின்ட் எடுக்க முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி பிரின்ட்டர் மேல் ஒட்டிவிட்டால், ஒவ்வொருவரும் வந்து உங்களைக் கேட்க மாட்டார்கள்.

6. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு முதல்நாளே நாளிதழில் வந்துவிடும். உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஏரியா பெயரைத் தேடுவதைவிட அது சுலபம்.

7. ஸ்டேப்ளர் பின் வாங்கும்போது நம்பரைப் பாருங்கள். சின்ன ஸ்டேப்ளருக்கு நம்பர் 10, பெரியதற்கு 24/6. மாற்றிப் போட்டால் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஸ்டாம்ப் பேடு காய்ந்திருந்தால் காலையில் மை விட்டுக் காலையிலேயே சீல் குத்தாதீர்கள். எழுத்தெல்லாம் அப்பிக்கொள்ளும். முதல்நாள் சாயங்காலம் சில சொட்டு விட்டு மூடிவைத்தால் காலையில் சீராக ஊறியிருக்கும்.

8. எக்செல் ஷீட்டில் வங்கிக் கணக்கு எண்களை அடிப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணானால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போய்த் திரும்பி வந்தபின், "ஏம்மா, சரியாப் பார்த்து அடிக்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். அடித்து முடித்த பிறகு மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் திரும்பாது. தேதி நெடுவரிசையிலும் ஒரு கண் வேண்டும்: கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை இருந்தால் 5/8 என்பது ஆகஸ்ட் 5 ஆகாமல் மே 8 ஆகிவிடும். "05-ஆகஸ்ட்" என்று மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவத்தை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

9. அரசு அலுவலகத்திலிருந்து வந்த தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் புள்ளியும் கோடும் ஆங்கில எழுத்துமாகக் குப்பை தெரிகிறதா? ஃபைல் கெட்டுப்போகவில்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோடில் வந்துவிடும். ரகசியமான கடிதமென்றால் அப்படி வெளியில் ஒட்டாமல், அனுப்பியவரிடமே பிடிஎஃப் கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றிருக்கிறது. புதிதாகத் தமிழ் டைப்பிங் பழகுபவர்கள் 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் பழகுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த கைக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறும், பிறகு வேகம் பிடித்துவிடும்.

10. டிக்கெட் போடும் வேலையில் நம் ஊர் இனிஷியல் பெரிய சிக்கல். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் "எஸ்.முருகன்". ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி இருக்கும். விமான டிக்கெட்டுக்கு யார் சொல்லியும் பெயர் எழுதாதீர்கள். பயணத்தன்று எந்த அடையாள அட்டையைக் காட்டப்போகிறார் என்று கேட்டு, அதன் படத்தை அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், எப்படிப் போட வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயணிக்கே அனுப்பி, "ஓகே" என்று பதில் வாங்கிய பிறகு முடியுங்கள்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. பழைய 120 நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். தட்கல், பயணத்துக்கு முதல்நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். அந்தச் சரிபார்ப்பைத் தட்கல் எடுக்கும் காலையில் உட்கார்ந்து செய்ய முடியாது. இன்றே முடித்து வையுங்கள்.

11. சில்லறைச் செலவுப் பணத்தில்தான் நல்ல பெயர் கெடுவது மிகச் சுலபம். இந்த விஷயத்தில் ஒரே ஒரு முறையைச் சொல்கிறேன், அதையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையான தொகையை, 5,000 என்று வைத்துக்கொள்வோம், அக்கவுன்ட்ஸில் எழுதி வாங்குங்கள். எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் பணமும் வவுச்சர்களும் கூட்டினால் 5,000 வர வேண்டும். வவுச்சர் கொடுத்து அதே தொகையை மட்டும் திரும்ப வாங்கி நிரப்புங்கள். "அம்மா, ஒரு 200 கொடு, அப்புறம் பில் தரேன்" என்று யார் வந்தாலும் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம். மேனேஜரானாலும் அப்படித்தான். முதல் முறை சங்கடமாக இருக்கும், நான்கு பேருக்குப் பழகிவிட்டால் ஐந்தாவது ஆள் தானே பேனாவை எடுப்பார். உங்கள் சொந்தப் பர்ஸிலிருந்து மட்டும் எடுத்துப் போடாதீர்கள். கணக்கு குழம்புவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆட்டோவுக்கு பில் இருக்காது. எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதிப் போனவரின் கையெழுத்து போதும். கடை பில்லில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கமும் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவானால் 33 என்று தொடங்கும், அடுத்த பத்தும் கம்பெனியின் பான் எண்தான். ஆகவே பான் எண் மனப்பாடமாக இருந்தால் பிழையை ஒரு பார்வையில் பிடிக்கலாம். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்குகிறவர், 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது. அந்த மாதிரிக் கொடுக்கல் எதையும் உங்கள் பெட்டிக்குள் வரவிடாதீர்கள்.

12. பெட்ரோல் பங்க், ஹோட்டல் பில்கள் வழுவழுப்பான தாளில் வரும். சில மாதத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு பின் பண்ணுங்கள். அதன் மேல் செல்லோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் மறையும்.

13. கூரியர் கொடுத்ததும் ரசீதைப் பெட்டியில் போடாமல், அவுட்வர்டு ரிஜிஸ்டரில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். "போய்ச் சேரலையே" என்று யார் கேட்டாலும் ஒரே இடத்தில் நம்பர் இருக்கும். இன்னொன்று: 2025-ல் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. வக்கீல் நோட்டீஸ் மாதிரிப் பெறுநர் கையிலேயே சேர வேண்டிய தபாலுக்கு, ஸ்பீடு போஸ்ட் கவுன்ட்டரில் ரெஜிஸ்ட்ரேஷன் வசதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

14. ஊழியர்களின் ஆதார் நகல் உங்கள் டேபிளில் குவிகிறதா? ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதச் சொல்லுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே போதுமானால் அதையே வாங்குங்கள். தப்பாக வந்த நகல்களின் பின்பக்கத்தை ரஃப் தாளாக்காதீர்கள், கிழித்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டு விவரம் அது.

15. எம்.டி.யின் போட்டோ வைத்த புது நம்பரிலிருந்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று செய்தி வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்காமல் வேலையை முடிக்கும் நம் பழக்கத்தைத் தெரிந்துதான் அட்மின் ஆட்களைக் குறிவைக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய நம்பரில் கூப்பிட்டு, குரலைக் கேட்ட பிறகு பாருங்கள். பேசியதற்காக எந்த எம்.டி.யும் கோபிக்க மாட்டார். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

16. ஆயுத பூஜை நெருங்கும்போது பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் அட்மின் தலையில்தான். லிஸ்டைச் சென்ற வருட வவுச்சர்களிலிருந்து எடுங்கள். சந்தனம் கரைக்கும் அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: மானிட்டரில் திரைக்குப் பொட்டு வேண்டாம், ஸ்டாண்டுக்கு வைக்கலாம். பிரின்ட்டரில் மேல்மூடியின் ஓரம் போதும். ஸ்கேனர் கண்ணாடியில் வைத்த சந்தனம் காய்ந்தால் அடுத்த மாதம் வரை எல்லா நகலிலும் ஒரு கறுப்பு வட்டம் விழும். குங்குமப் பொடி ஃபேன் காற்றில் பறந்து யுபிஎஸ்ஸின் காற்றுத் துளைக்குள் போகும், ஆகவே குழைத்து வையுங்கள். பூசணிக்காய் உடைத்ததும் துண்டுகளை ரோட்டிலிருந்து அள்ளிப் போட ஒரு ஆளைப் பெயர் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். அதில் டூவீலர் வழுக்கி விழுகிறவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

17. சொந்த வேலை சொல்வது. சாரின் வீட்டு கரன்ட் பில், பையனின் ஸ்கூல் ஃபீஸ், மேடத்தின் பிளவுஸ் தைக்கக் கொடுத்தது. எப்போதாவது உதவுவது மனிதத்தன்மை. வாரம் தவறாமல் வந்தால் அது உங்கள் வேலை நேரத்தைத் தின்கிறது, அதற்கான பேச்சு உங்களுக்குத்தான் விழும். எடுத்த எடுப்பில் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல நம்மில் பலரால் ஆகாது. ஆகவே நேரத்தைச் சொல்லுங்கள்: "ஆடிட் ஃபைல் 4 மணிக்குக் கொடுக்கணும் சார், இதுக்குப் போனா அது நாளைக்கு ஆகும். எதை முதல்ல முடிக்கட்டும்?" கரன்ட் பில்லுக்கு, "உங்க போன்லயே கட்டுற மாதிரி போட்டுத் தரட்டுமா சார்?" என்று ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டால் அடுத்த முறை வராது. விருந்தினருக்கு டீ கொண்டுவரச் சொன்னால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அறையில் பத்து பேர் இருக்க, எப்போதும் பெண் ஊழியரைப் பார்த்தே "டீ" என்று சொல்வது சரியில்லை. டீ கொடுக்கும் முறையை வாரப் பட்டியலாக எழுதி, ஆண்களின் பெயரையும் சேர்த்து பேன்ட்ரி கதவில் ஒட்ட அனுமதி கேளுங்கள். தாளில் வந்துவிட்டால் யாரும் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

18. உங்களுக்காகச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது. உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் திருத்தமே வந்தது. ரிசப்ஷனில் நிற்கவைக்கிறார்கள் என்றால் தைரியமாகக் கேட்கலாம். 1958-ன் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களிடம் அத்துமீறுவோர் மீது புகார் கொடுக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் நடந்த தேதியை அன்றே குறித்துவையுங்கள்.

19. லீவு போட்ட அன்று நிம்மதியாக இருக்க வேண்டுமானால் ஒரே ஒரு ஏ4 தாள் தயார் செய்யுங்கள். தண்ணீர் கேன் அண்ணன் நம்பர், ஏசி சர்வீஸ், கூரியர் பையன் வரும் நேரம், ஸ்டேஷனரி அலமாரிச் சாவி இருக்கும் இடம், டோனர் மாடல் நம்பர், இன்னும் முடியாத வேலைகள், அவை யாரிடம் நிற்கின்றன என்பவை இருந்தால் போதும். பாஸ்வேர்டு எதையும் அதில் எழுத வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு பிரதி, மேனேஜருக்கு மெயிலில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா நம்பரையும் ஒருதரம் கூப்பிட்டுச் சரிபாருங்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் நம்பர்தான் அடிக்கடி மாறும்.